கோபுரத்துக்கு மூன்று கிலோமீட்டர்

காலை ஆறரை மணிக்குப் போளூரில் பஸ் ஏறினேன். ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அங்கே இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கோபுரத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். ஆளுக்கு நூறு ரூபாய். ஒன்பது பேர் இருந்தோம். எனக்கு டிரைவர் பக்கத்தில், இறங்குகிற ஓரத்தில் இடம் கிடைத்தது.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டிய கற்கோபுரம் அது. உச்சியில் நின்றால் மலை முழுவதும் தெரியும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஒரு வளைவில் நான்கு பேர் ஜீப்பை நிறுத்தினார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தூளி போலக் கட்டி ஒருவரைத் தூக்கி வந்திருந்தார்கள். புளி உலுக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். அங்கே செல்போன் எடுக்காது. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் மனைவி அவருடைய செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

டிரைவர் எங்களைப் பார்த்தார். "எல்லாரும் இறங்குனீங்கன்னா வண்டிய இங்கியே திருப்பிக்குவேங்க. கோபுரம் மூணு கிலோமீட்டர்தான்."

குடும்பத்தோடு பின் சீட்டில் வந்தவர், "இந்த வெயில்ல கொயந்தைங்கள வச்சினு எப்படிப்பா நடக்கிறது? எங்கள மேல வுட்டுட்டு வந்து இட்டுனு போ. இன்னா, அரை மணி நேரம்" என்றார்.

நான் தனி ஆள். முதலில் நான் இறங்கியிருந்தால் மற்றவர்களும் இறங்கியிருப்பார்கள். புது ஆட்கள் நடுவில் எனக்குப் பேச்சு வராது. இறங்குவதற்குப் பேச்சே தேவையில்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தேன்.

ஜீப் மேலே கிளம்பியது. தூக்கி வந்தவர்கள் காத்திருக்கவில்லை. கீழே ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தார்கள்.

பத்து மணிக்கு முன்பே கோபுரத்துக்குப் போய்விட்டோம். எங்களை இறக்கிவிட்டதும் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கீழே போனார். நுழைவுச் சீட்டு பத்து ரூபாய். அறுபத்திரண்டு படிகள். மேலே காற்று பலமாக அடித்தது. சாமை அறுத்த கொல்லைகள், புளியமரங்கள், செம்மண் ரோடு எல்லாம் தெரிந்தன. ஒற்றையடிப் பாதையில் அந்தப் போர்வையும் தெரிந்தது.

ஜீப் அவர்களை நெருங்க இன்னும் இரண்டு வளைவுகள் இருந்தன. தூளியைத் தரையில் இறக்கினார்கள். குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே மலையேறத் தொடங்கினார்கள்.

"இன்னாத்துக்குத் திரும்பி வர்றாங்க?" என்று பின் சீட்டுக்காரர் கேட்டார்.

சீட்டுக் கொடுக்கும் மலைக்காரர் எங்களோடு மேலே வந்திருந்தார். "இனிமே ஆஸ்பத்திரி எதுக்குங்க? வூட்டுக்கு எடுத்துனு போறாங்க."

அதற்குப் பிறகு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஜீப் காலியாக மேலே வந்தது. நான் ஏறவில்லை. அந்த வளைவு வரைக்கும் நடந்தே இறங்கினேன்.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஏற்றம் அதிகமில்லை. குழந்தைகளும் நடக்கலாம். வழி முழுவதும் நிழல்தான்.