ஒப்புக்குச் சப்பாணிகள் தேவை

நாங்கள் எழுதிய முதல் கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். தூசி பட்டால் மிஷின் படுத்துவிடும் என்று ஓனர் சார் நம்பியதால் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். மாலையில் மாணவர்களுக்கு பேஸிக், சி என்ற புரோகிராம் மொழிகளைச் சொல்லிக்கொடுப்பேன். அது பிடிக்கும். பகலில் டேட்டா என்ட்ரி. ஏதோ ஒரு கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலை, போல்ட்டு, நட்டு, வாஷர் என்று காலை முதல் மூன்று மணி வரை அடித்துக்கொண்டிருப்பேன். அது பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. சில நாள் வாஷர் என்று அடிக்கும்போது அழுகையே வரும்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரு பம்மல்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஓர் அம்மா, எங்கள் ஓனர் மூலமாக நான்கு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வாங்கி என்ன பயன்? அவரிடம் படித்த ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று பயம். ஷாக் அடிக்கும் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. "பயம் தெளியற மாதிரி ஏதாவது விளையாட்டு போட்டுக் குடுங்க சார்" என்று அந்த அம்மா கேட்க, எங்கள் சார் யோசிக்காமல் தலையாட்டிவிட்டு, திரும்பி எங்களைப் பார்த்தார்.

"அந்தம்மா ஓகே சொல்லிட்டா பக்கத்து ரூம் உங்க ரெண்டு பேருக்கும். இந்த மாதிரியே எழுதிக்கிட்டு இருங்க. இல்லேன்னா நீ ஃபுல் டைம் டேட்டா என்ட்ரிதாம்மா."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பக்கத்து அறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் அப்போது உடைந்த நாற்காலிகள் கிடந்தன. ஜன்னல் ஒன்று உண்டு.

விளையாட்டு இதுதான். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு பஸ் போகும். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஆள்கள் தலைக்கு மேல் ஓர் எழுத்தோடு நிற்பார்கள். அந்த எழுத்தை அடித்தால் ஆள் ஏறிக்கொள்வார். வழியில் ரயில்வே கேட் வரும். மூடப்போகிறது என்பதற்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே ஸ்பேஸ் பாரைத் தட்டி பிரேக் போட வேண்டும். போடாவிட்டால் பஸ் கேட்டில் மோதும், ஆட்டம் அவுட். அந்த ‘டிங்’குக்காக இரண்டு நாள் மெனக்கெட்டேன். என் சாதனைகளிலேயே எனக்கு அதுதான் பெருமை.

எழுதியாகிவிட்டது. விளையாடிப் பார்க்க ஆள் வேண்டும். இதற்கு பீட்டா டெஸ்டர் என்று ஒரு பேர் உண்டு என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். விளையாடத் தெரிந்தவர்களுக்குத்தானே விளையாட்டின் குறை தெரியும் என்று நினைத்தோம். மாலை வகுப்புக்கு வந்த இன்ஜினியரிங் மாணவர்களுக்குள் ஒரு போட்டி வைத்து, அதிக ஸ்கோர் எடுத்த ஆறு பேரைப் பொறுக்கினோம். அவர்களும் மூன்று வாரம் ஆசையாக விளையாடினார்கள்.

"மேடம், செம ஈஸி மேடம். ஸ்பீட ஏத்துங்க."

ஏற்றினோம். கேட்டை இன்னும் சீக்கிரம் மூடச் சொன்னார்கள். மூடினோம். இன்னொரு கேட் வேண்டும் என்றார்கள். வைத்தோம். அவர்கள் சூப்பர் என்று சொல்லச் சொல்ல எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எங்கள் குஞ்சுக்கு ஆறு பேர் சர்டிஃபிகேட் வேறு கொடுத்துவிட்டார்கள்.

காட்டும் நாளில் அந்த அம்மா தன் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி கொடுக்கும் அக்காவையும் மாணவிகள் சிலரையும் அழைத்து வந்தார். அக்கா இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்தவர். தாம்பரத்தில் அவரைவிட வேகமான கை கிடையாது என்று பேர். எங்களுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவரையே உட்காரவைத்தோம்.

முதல் ஸ்டாப்பிங்கில் பத்து பேர் நின்றார்கள். அக்கா கீபோர்டைப் பார்க்காமலேயே பத்து பேரையும் ஏற்றினார். அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்போது கேட் வந்தது. ‘டிங்’.

அக்காவின் இடது கை விருட்டென்று மேலே எழும்பியது. மானிட்டரின் இடது பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அதை வலது பக்கமாகத் தள்ளியது. மானிட்டர் ஒரு முறை ஆடி நின்றது. பஸ் கேட்டில் மோதியது.

டைப்ரைட்டரில் வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். உடனே இடது கையால் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் அது எழும்புவதில்லை. இரண்டாவது ஆட்டத்திலும் ‘டிங்’, மானிட்டருக்கு ஓர் அறை, பஸ் அவுட். மூன்றாவதிலும் அதேதான். பின்னால் நின்ற மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா முகம் சிவந்து எழுந்துகொண்டார்.

"எனக்கு இதெல்லாம் வராது மேடம்."

அந்த அம்மா எங்களைப் பார்த்து, "பயம் போகணும்னுதானே கேட்டேன்? பயமில்லாம இருந்த ஒருத்தியையும் பயமுறுத்திட்டீங்களே" என்றார். இரண்டு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அவர்கள் போனதும் அண்ணாவுக்குக் கோபம். "மணி அட்சா கைய தூக்கிகினு மானிட்டர அட்சா நாம இன்னா மேடம் பண்றது? ஆட்டத்துல ஒரு தப்பும் இல்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல கீது!"

எனக்கு அவரைவிடக் கோபம். ஆனால் அந்தப் பழமொழியைச் சொன்னதும் சுருக்கென்றது. "அண்ணா, அந்த அக்கா கூடத்தக் குறை சொல்லவே இல்ல. தனக்கு வராதுன்னுதான் சொன்னாங்க. நம்ம கூடம் நிஜமாவே கோணல்" என்றேன். அண்ணா முறைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அப்புறம் டீ வாங்கி வந்தார். அவரிடம் மன்னிப்பு என்றால் டீதான்.

புது ஆள் தேடினோம். முதலில் என் அப்பாவை அழைத்து வந்தேன். பள்ளிக்கூட ஆசிரியர். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "வெரி குட்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எட்டிப் பார்த்தால் பஸ் பல்லாவரத்தை விட்டே கிளம்பவில்லை. பெற்றவரைச் சோதனைக்கு உட்காரவைக்கக் கூடாது என்று அன்று தெரிந்தது. இன்ஸ்டிட்யூட் மாணவிகளைக் கூப்பிட்டால், எங்கே தோற்று மானம் போய்விடுமோ என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றார்கள். நல்லா இருக்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசியில் அந்த அக்காவிடமே போனேன். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், இருபது மிஷின் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்கு நடுவே நின்று கெஞ்சினேன். ஒருவழியாகச் சொன்னார்:

"வரேன். ஆனா ஒப்புக்குச் சப்பாணியாத்தான் உக்காருவேன். ஸ்கோர் எழுதக் கூடாது. அவுட்டுன்னு ஸ்கிரீன்ல வரக் கூடாது."

எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தெரு விளையாட்டில் ஓடத் தெரியாத பொடிசைச் சேர்த்துக்கொள்வோமே, பிடித்தாலும் அவுட் கிடையாது, கத்திக்கொண்டு கூடவே ஓடலாம், அந்த இடம். எங்களுக்கு வேண்டிய ஆளுக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களில் எப்போதோ பேர் வைத்துவிட்டார்கள். நாங்கள்தான் சாம்பியன்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்றே ஆட்டத்தில் ஒரு வழி செய்தோம். பெயர் கேட்கும் இடத்தில் ‘ஒ.ச.’ என்பதற்காக OS என்று அடித்தால் அவுட் இல்லை, ஸ்கோர் இல்லை. தோற்கும் பயம் போனதும் அக்காவின் வாய் திறந்தது. அடேயப்பா! ஆறு கெட்டிக்காரர்கள் மூன்று வாரத்தில் சொல்லாததை ஒரே மதியத்தில் சொன்னார். "ஏன் மேடம் பஸ் இப்படி ஓடுது, பின்னால போலீஸ் துரத்துதா?" தலைக்கு மேல் முற்றுப்புள்ளியோடு நின்ற ஆளை ஏற்றியதும், பழக்கதோஷத்தில் அவர் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டியது. டைப்பிங்கில் புள்ளி வைத்தால் இரண்டு இடம் விட வேண்டும் என்பது பாடம். பஸ் நடுரோட்டில் இரண்டு முறை குலுங்கி நின்றது. எங்கள் மாணவர்கள் இரண்டு விரலால் அடிப்பவர்கள். அவர்களிடம் இது எப்படித் தெரிந்திருக்கும்?

‘டிங்’கை எடுத்துவிடலாம் என்று மனசே இல்லாமல் நான் சொன்னேன். அக்கா விடவில்லை.

"எடுக்காதீங்க. மணி அடிச்சா அடுத்த வரி. அதையே வைங்க. ரோடு முடியற இடத்துல அடிக்கட்டும். என்ட்டர் தட்டினா பஸ் அடுத்த ரோட்டுக்குத் திரும்பட்டும். தட்டற வரைக்கும் நிக்கட்டும். எங்க ஓடிடப்போவுது?"

அண்ணா எழுந்து நின்று கைதட்டினார். கேட்டுக்குச் சத்தமே வேண்டாம், சிவப்பு விளக்கு போதும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் நாள் அக்காவின் கை மேலே எழும்பவில்லை. "மேடம், பழகிடுச்சு!" என்று குதூகலித்தார். எங்களுக்குத் திக்கென்றது. ஒருவருக்கு முதல் ஆட்டம் ஒருமுறைதான். பழகிய கண்ணுக்கு எங்கள் தப்பு தெரியாது. "அக்கா, இனிமே நீங்க விளையாட வேண்டாம்" என்று சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. காரணத்தைச் சொன்னேன். "அப்ப ஆள நான் பொறுக்கறேன்" என்றார்.

அவர் பொறுக்கிய விதம் இருக்கிறதே! இன்ஸ்டிட்யூட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "நீ இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கத் தாண்டி பஸ்ஸ நிறுத்தினா என்ன பண்ணுவே?" பேசாமல் இறங்கித் திரும்பி நடப்பேன் என்றவர்கள் வேண்டாம். டிரைவரைப் பார்த்துக் கத்துவேன் என்றவர்களை மட்டும் அனுப்பினார். ஒரு நாளைக்கு ஒருவர், அதற்கு மேல் இல்லை. எல்லாரும் ஒப்புக்குச் சப்பாணிகள். அவர்கள் விளையாடும்போது உதவி செய்யக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். அண்ணாவால் அது முடியவில்லை. "அந்த கீ இல்லம்மா, இந்த..." என்று கை நீண்டுவிடும். பிறகு கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி பக்கத்தில் நின்றேன். தவணை முடியும் வரை தினமும் திட்டு வாங்கினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

தவணை நாள் வந்தது. அந்த அம்மா மாணவிகளோடு வந்தார். யாரை உட்காரவைப்பது என்று பேச்சு வந்தபோதுதான் விழித்தோம். வந்திருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே விளையாடியவர்கள். புது ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை.

"இவளுங்களுக்கெல்லாம் இது மனப்பாடம். நானே உக்காருறேன்" என்று அந்த அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்தார்.

முப்பது வருஷம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவர். நான்கு கம்ப்யூட்டர் வாங்கியவர். ஒன்றில்கூட அவரே இதுவரை கை வைத்ததில்லை என்பது, கீயைத் தொடும் முன் அவர் விரலை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணா கைக்குட்டையைக் கவ்வினார்.

ஆள்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ரோடு முடிந்தது. ‘டிங்’. அந்த அம்மாவின் இடது கை விருட்டென்று மேலே போனது. போன கை பாதியில் நின்றது. பஸ், தலைக்கு மேல் ‘என்ட்டர்’ என்ற எழுத்தோடு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அந்தரத்தில் நிற்கும் தன் கையை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரித்து அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, மாணவிகளும் பார்த்ததில்லையாம். சிரித்தபடியே வலது சுண்டுவிரலால் என்ட்டரைத் தட்டினார். பஸ் திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. மாணவிகள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கள் ஓனர் சார் இரண்டு முறை கனைத்துப் பார்த்துவிட்டு, பொறுமையிழந்து கிட்டே வந்தார்.

"அம்மா, உங்க முடிவு என்னன்னு சொன்னீங்கன்னா..."

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றார் அந்த அம்மா, கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுக்காமல். "ஆள் ஏறிக்கிட்டு இருக்காங்க இல்ல?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து அறைக்குப் போய், உடைந்த நாற்காலிகளை அவரே வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார்.