வட்டி தவறாதவன்

காலையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள அம்பிட்டியவின் மேட்டு வீதியில் பாண்காரரின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வரும். இங்கே பாண் என்கிற ரொட்டி விற்கிறவர்கள் கூவுவதில்லை. ஒரே மெட்டை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். வந்த புதிதில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போதோ அந்த மெட்டு காதில் விழுந்ததும் என் கை தானாகப் போய்க் கைபேசியின் ஒலியை அணைக்கிறது. பாண்காரர் எங்கள் வளைவைத் தாண்டுகிற நேரத்தில்தான் வங்கிப் பெண்ணும் அழைப்பாள்.

"சேர், குட் மோர்னிங். வீட்டுல எல்லாரும் சுகமா? இந்த மாசம் எவ்வளவு கட்ட ஏலும் சேர்?"

அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் ஊர் திருப்பூரில் கடன் கொடுத்தவர் மொபெட்டை வாசலிலேயே நிறுத்தி, "ஏனப்பா, ஆளு இருக்கறயா இல்லியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார். நாமும் பதிலுக்குச் சத்தம் போடலாம். பிறகு இருவரும் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த தேதியைப் பேசிக்கொள்ளலாம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னைத் திட்டியாவது விட்டுரும்மா, கேட்டுக்கறேன்" என்றேன். "ஐயோ சேர், எங்களுக்கு அப்பிடிக் கதைக்க ஏலாது. எல்லாம் ரெக்கோட் ஆகுது" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாயத் தொழில்நுட்பம் படித்தவன். பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு மேலாளராக, மனைவி சுமதியோடும் மகள் கயலோடும் கண்டிக்கு வந்தேன். வரும்போது கயலுக்குப் பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது உயர்தரப் பரீட்சைக்கு, அதாவது நம் ஊர் பிளஸ் டூவுக்கு, படிக்கிறாள். தோழிகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள், எங்களோடு கண்டித் தமிழில். வந்த சில வருடங்களில் ஒரு வங்கி எனக்குக் கடன் அட்டை தர முன்வந்தது. வெளிநாட்டுக்காரன் என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் தொழிற்சாலையின் வெட்டுத்துணிகளை மொத்தமாக வாங்கிக் கடுகண்ணாவையில் விற்கிற நவாஸ் நானாவிடம் கேட்டேன். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். "மாஸ்டர்ர கையில வாங்கின துணியில சாயம் போகல்ல. ஆளு மட்டும் போகவா போறாரு?" என்று சிரித்தார்.

பிறகு நாடு நொடித்து, வரிசைகளின் காலம் வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. சாயம் இறக்குமதி செய்யத் தொழிற்சாலைக்கு டொலர் இல்லை. சம்பளம் பாதியானது, விலைகள் இரட்டிப்பாயின. சுமதிக்குத் தைராய்டு மாத்திரை, கயலுக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை. பையிலிருந்து அட்டையை எடுத்துத் தேய்த்தேன்.

படித்தவன் எப்படி ஏமாந்தான் என்று கேட்பீர்கள். என்னை யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் எரிச்சல். எங்கள் ஊரில் கடனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதாமாதம் வட்டியைத் தேதி பிசகாமல் கட்டிவிட்டால் போதும். அசல் அப்படியே அசையாமல் நிற்கும். தீபாவளி போனஸ் வரும்போது அதில் ஒரு பகுதியை அடைப்போம். அதுவரை அவன் 'வட்டி தவறாதவன்', கடைவீதியில் நிமிர்ந்து நடக்கலாம். என் அப்பா வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நடந்தார். வங்கி அனுப்புகிற கணக்கில் 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்று ஒரு தொகை இருக்கும். அதை நான் வட்டி என்று எடுத்துக்கொண்டேன். கெடு நாளுக்கு முன்பே கட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது. அசல் நின்றுகொண்டிருக்கிறது என்று நம்பி மேலும் தேய்த்தேன். தேய்த்ததற்கெல்லாம் அன்றைக்கே வட்டி ஏறியது. நெருக்கடியில் வட்டி வீதமும் ஏறி, நான் கட்டியது வட்டிக்கே போதாமல் மிச்சம் அசலோடு சேர்ந்தது. ஒருநாள் வங்கிக்குப் போய், வட்டி பாக்கியில்லையே என்று விசாரித்தபோது கவுண்டரில் இருந்த இளைஞர், "மினிமம் கட்டியிருக்கீங்க சேர், வெரி குட்" என்றார். அந்தப் பாராட்டை நம்பி இன்னும் பல மாதங்கள் நடந்தேன். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று என்பது எனக்கு உறைத்தபோது, கடன் நான் மொத்தமாகத் தேய்த்த தொகையைத் தாண்டிப் போயிருந்தது.

சாயப் பிரிவை மூடிவிட்டார்கள். நான் வங்கிக்குக் கட்டுவதும் நின்றது. அந்தப் பெண்ணின் அழைப்புகள் தொடங்கின. என்னோடு வேலை பார்த்துவிட்டு எனக்கு முன்பே ஊர் திரும்பிவிட்ட செந்தில், ஈரோட்டிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, பிளேன் ஏறி வந்துருங்க. நானும் கார்டுக் கடனை வெச்சுட்டுத்தான் வந்தேன். இதுவரைக்கும் ஒருத்தன் வந்து கேக்கல. எங்க கம்பெனியில உங்களுக்கு வேலை ரெடி. இன்னும் என்னத்துக்குண்ணா அங்க ஒக்காந்துட்டு இருக்கறீங்க?" பல்லேகலையிலேயே ஒரு சின்னத் தொழிற்சாலையும் கூப்பிட்டிருந்தது. சம்பளம் பழையதில் பாதி. வீசாவை மட்டும் புதுப்பித்துத் தருவார்களாம். சுமதி யோசிக்கவே இல்லை. அலுமாரியின் மேலிருந்து பெட்டிகளை இறக்கித் துணிகளை அடுக்கினாள். கயல் மட்டும் வாசலில் நின்று, "அப்பா, நாங்க ஓடிப்போறோமா?" என்று கேட்டாள். அவளை அதட்டினேன்.

மறுநாள் காலை பாண்காரரின் மெட்டு ஒலித்தது. கைபேசியை அணைக்க மறந்துவிட்டேன். "சேர், நீங்க கட்டாட்டி இனி பிணை நின்றவர்கிட்டத்தான் நாங்க வாங்கணும். சொரி சேர்" என்றாள் அந்தப் பெண். வங்கி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நல்ல வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

நவாஸ் நானாவின் கடைக்குப் போனால் எப்போதும் பால் சேராத பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வரும். அன்று டீ மட்டும் வந்தது.

"நானா, வங்கியில இருந்து உங்களைக் கூப்பிடுவாங்க..."

"கூப்பிடுவாங்களா? கூப்பிட்டு ரெண்டு மாசம் ஆகுது மாஸ்டர்."

"ஏன் நானா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க ஏன் ஒரு வார்த்தை செல்லல்ல?" துணியை மடித்துக்கொண்டே கேட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட ஈரோட்டுத் தம்பி பிளேன் ஏறினாரே, அவருக்குப் பிணை நின்ட டெய்லர் இந்தக் கடைத்தெருவுலதான் ஈக்கிறான். தெரியுமா? மெஷினை வித்துட்டான். நீங்களும் எப்ப ஏறுவீங்கண்டு பாத்துக்கிட்டுத்தான் நானும் ஈந்தேன்."

ஒருத்தன் வந்து கேட்கவில்லை என்று செந்தில் சொன்னது உண்மைதான். ஈரோட்டுக்கு யாரும் போகவில்லை. தையல்காரர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள். செந்தில் மேல் வந்த கோபம் பாதி வழியில் என் மேலேயே திரும்பியது. எங்கள் வீட்டிலும் பெட்டிகள் இறங்கிக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துணிகளின் மேல் வைத்தேன்.

"இத எடுங்க முதல்ல. என்னய அடகுக்கடைக்காரனாக்காதீங்க" என்று சீறினார். "நாளைக்கு பேங்குக்கு வாறேன். நீங்க கதைங்க. நான் பக்கத்துல ஈக்கிறேன். அவ்வளவுதான்."

வங்கியில் எங்களை ஓர் அதிகாரியின் முன் உட்கார வைத்தார்கள். அட்டையை ரத்துச் செய்துவிட்டு, மொத்தக் கடனையும் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தர முடியும் என்றார். இதை முதல் மாதமே நான் கேட்டிருக்கலாம். கேட்டால் தரக்கூடியதை அந்த மரியாதையான பெண் ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "சேர், தவணை முடியிற வரைக்கும் நீங்க இங்கதானா?" என்று கேட்டார். நவாஸ் நானா பதில் சொல்லுவார் என்று திரும்பினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரோட்டு வேலையும், சுமதி இறக்கிவைத்த பெட்டிகளும், வயதான அம்மாவின் முகமும் நினைவுக்கு வந்தன. "இங்கதான்" என்றேன். அதிகாரி கத்தரிக்கோலால் என் அட்டையை இரண்டாக வெட்டினார்.

வெளியே வந்ததும் நவாஸ் நானா, "சரி மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். இப்போதும் கடைக்குப் போகிறேன். டீ தருகிறார். கருப்பட்டி இன்னும் வரவில்லை.

சுமதி, "ஏனுங்க, ஊருல இருக்கற வேலைய வேண்டாம்னுட்டு, இங்க கடன் அடைக்கறதுக்குன்னே ஒரு வேலைக்குப் போறீங்களா?" என்றாள். ஆமாம் என்பதைத் தவிர என்ன சொல்ல? பாதிச் சம்பளத்துக்குப் பல்லேகலைக்கே போகிறேன். என் வீசா முடிகிற தேதிக்கு அப்பாலும் தவணை ஓடுகிறது. இந்த நாடு என்னை இருக்கச் சொன்ன காலத்தைவிட, இந்த வங்கி என்னை இருக்கச் சொன்ன காலம் நீளம். அம்மா திருப்பூரிலிருந்து கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். பாண்காரரும் பெட்டிகளைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, எப்போது போகிறீர்கள் என்று அவர் பங்குக்குக் கேட்கிறார்.

பெட்டிகளைத் திரும்ப அலுமாரியின் மேல் ஏற்ற எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. கூடத்தில்தான் கிடக்கின்றன. காலையில் கயல் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சீருடையை எடுத்து உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மாலையில் சுமதி அதைத் துவைக்கிறாள், காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுகிறாள்.