பைப் துண்டு

இன்று பிளம்பர் பிவிசி பைப்பை அறுத்தபோது கிளம்பிய கார வாடை, காட்டுப்பள்ளிப் பக்கம் நான் படித்த பள்ளிக்கு என்னை இழுத்துப் போனது. அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பைப் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் அப்பாக்கள், அறுத்து மிஞ்சிய துண்டுகளை எங்களை அடிப்பதற்கென்றே வாத்தியார்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்; அது தொடையில் விழுந்தால் நடுவே வெளுத்து இருபுறமும் சிவந்த தடம் ஒரு வாரம் நிற்கும். புதிதாக வந்த டீச்சர் மட்டும் அந்தத் துண்டுகளை எங்களிடமே கொடுத்து, ஒருத்தி பேச இன்னொருத்தி காதில் வைத்துக் கேட்கச் சொல்லி, ஒலி எப்படிப் போகிறதென்று பாடம் நடத்தினார்.

ஒருநாள் என் நோட்டோடு அப்பா வகுப்புக்குள் வந்தார்.

"கோழி கிளறினா மாதிரி எழுதிக்கினு கீறா, ஒரு அடி போட மாட்டீங்களாமே? எப்டி அடிக்கிறதுன்னு பாருங்க."

ஒரு பைப் துண்டைப் பிடுங்கி என்மேல் ஓங்கினார். டீச்சர் குறுக்கே கையை நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

வலது கையில் மாவுக்கட்டோடு திரும்பி வந்தவர், இடது கையால் கரும்பலகையில் எழுதினார். என்னுடையதைவிடக் கோணல்.

"தப்பு இருந்தா நீயே வந்து திருத்தும்மா," என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சாக்பீஸை நீட்டினார்.

கை நீண்டதும், நான் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன்.