கண்ணீர் அஞ்சலியில் ஒரு துணை நடிகர்

இந்தி சினிமாவில் எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு தெய்வம் உண்டு. தெய்வம் என்றால் கருவறையில் நிற்கிற தெய்வம் இல்லை. வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிற தெய்வம். சமையற்காரன், தூங்குமூஞ்சி இன்ஸ்பெக்டர், உளறுகிற வக்கீல், கல்யாணப் பந்தலில் மந்திரம் மறந்துபோகும் பண்டிதர் என்று எதைக் கொடுத்தாலும் அந்த நடிகர் ஜமாய்த்தார். ஒரு படத்தில் மாமனாரும் அவரே, மாமியாரும் அவரே. இவ்வளவு செய்த மனுஷனுக்குக் கிடைத்தது ஹீரோவின் தோளுக்குப் பின்னால் அரை முகம்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து இந்தியும் உருதும் கலந்து பேசுகிற குஷாய்குடாவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது அப்பாவுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. இந்த நடிகரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். விளைவு, மேனேஜரிடம் லீவு கேட்பதானாலும் ஜமீன் வீட்டுச் சமையற்காரன் மாதிரி குனிந்து, "ஹுஸூர்" என்றுதான் ஆரம்பிப்பார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரிப்பார். லீவு கிடைக்கும். பதவி உயர்வுதான் கிடைக்கவில்லை. சிரிக்கவைக்கிறவனை யார் மேலே ஏற்றிவிடுவார்கள்? அந்த வலி அப்பாவுக்கு இன்றுவரை இருக்கிறது.

போன வருஷம் அந்த நடிகர் இறந்துபோனார். டிவியில் ஒரே ஒரு வரி, அதுவும் கீழே ஓடிற்று. மேலே, அவரோடு நடித்த ஹீரோ புது கார் வாங்கிய மாபெரும் செய்தி. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, காலனி வாசல்ல இவனுக்கு ஒரு பிளெக்ஸ் வைக்கணும். செத்த பொறவாவது நடுவுல நிக்கட்டும்."

"வைங்கப்பா. இந்த ஊர்ல நாய்க்குப் பொறந்தநாள்னாலும் பிளெக்ஸ் வைக்காங்க."

நடிகர் தனியாக நிற்கிற நல்ல படம் கிடைத்தால்தானே! கார் ஹீரோவோடு நிற்கும் ஒன்றையும், அஞ்சலி செலுத்துகிறவர் என்று தன் படத்தையும் பிளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தலைப்பைத் தமிழில் தட்டி அனுப்பினார்.

மறுநாள் பிளெக்ஸை விரித்தோம். நடுவில் ஆளுயரத்துக்கு அந்த ஹீரோ, கூலிங் கிளாஸும் சிரிப்புமாக. சுற்றிலும் பலூன். தலைக்கு மேலே, 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, வாழ்த்துகிறவர்களைப் போடுகிற மூலையில், ரெண்டு குட்டி வட்டம். ஒன்றில் எங்கள் நடிகர், பக்கத்தில் அப்பா.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பர்த்டே போர்டு சம்ஜா, அம்மா. ஹீரோ படா, ஃபேன் லோகாங் சோட்டா. ஐசாச் ரஹ்தா நா?"

பிறந்தநாள் என்று நினைத்தாராம். ஹீரோ பெரிசு, ரசிகர்கள் சின்னது, அதுதானே வழக்கம்? தமிழ் எழுத்து அவருக்கு ஜிலேபி. ஆக, தன் சாவிலேயே துணை நடிகராக வந்து துக்கம் விசாரிக்கிற பாக்கியம் எங்கள் நடிகருக்கு வாய்த்தது.

"அவர் வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துரவாப்பா?" கத்தரிக்கோலோடு குனிந்தேன்.

அப்பா ரெண்டு வட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது.

"நக்கோ," என்றார். "வெட்டாத. சேந்தே இருக்கட்டும்."

பிளெக்ஸ் இப்போது எங்கள் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. மூஞ்சி சுவரைப் பார்க்கும்படி ஹீரோவைப் பின்னால் மடித்து அப்பாவே ஆணி அடித்தார். வெளியே தெரிவது அந்த ரெண்டு பேர்தான். வருகிறவர்களுக்கு நடிகரை அடையாளம் தெரிவதில்லை. "பக்கத்துல யாரு சார், உங்க அண்ணனா?" என்கிறார்கள்.

"ஹவ்," என்கிறார் அப்பா. "அண்ணந்தான்."