மேலே வராத இத்தாலி உருண்டைகள்

உருண்டைகள் எல்லாம் சூப்பில் கரைந்துவிட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை.

முசாபரி பங்களாவில் சமையல்காரனாக இருப்பது என்றால், முன்பின் தெரியாத நாக்குக்குச் சமைப்பது. வருகிறவன் இரண்டு நாள் இருப்பான், போவான். அவன் பாஷை தெரியாது, வயிறு தெரியாது. திரும்பி வரும் தட்டில் என்ன மிச்சம் கிடக்கிறதோ அதுதான் நமக்கு அவன் எழுதும் கடிதம். அடுப்படியில் நின்று வெந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பினால் நம்பட்டும்.

குடவாசலுக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் இருந்தது எங்கள் பங்களா. வருஷம் கேட்காதீர்கள். கோட்டையில் கட்சி மாறி, ஊருக்கு ஊர் புதுக் கொடிகள் ஏறி, மிராசுதார்களும் கூலிக்காரர்களும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்த காலம். நான் எந்தப் பக்கமும் இல்லை. அடுப்புப் பக்கம்.

அந்தச் சமயத்தில் மதகுகளைப் பார்த்து யோசனை சொல்ல ஓர் இத்தாலிக்காரர் வந்தார். இன்ஜினியர். மூன்று மாதம் தங்கல். பெயர் என் வாயில் நுழையவில்லை. துரை என்றேன். நான் அப்போது ஆறு வருஷமாகத் தற்காலிகம். எங்கள் பெரிய இன்ஜினியர் வந்தார், ஜீப்பை விட்டு இறங்காமலே சொன்னார்: "ரெங்கசாமி, இந்த ஆள் வந்த உடம்போட ஊர் போய்ச் சேரணும். சேந்தா உன்னை நிரந்தரம் பண்ண எழுதறேன். இளைச்சாரு, வேற ஆள் பாத்துக்குவேன்."

இளைத்தார்.

கஞ்சி

ஒரு மாதம் நம் சாப்பாட்டோடு மல்லுக்கட்டினார். பொழுது சாய வயலிலிருந்து வருவார். தட்டில் கையை வைப்பார். எழுந்துவிடுவார். ஒரு நாள் ஆணி கேட்டார். கொடுத்தேன். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். என்னதான் வேண்டும் என்று ஓவர்சியர் கலியமூர்த்தியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர்தான் எங்களுக்கு இங்கிலீஷ்.

நியோக்கி சூப் வேண்டுமாம். விருந்து இல்லை, விசேஷம் இல்லை. வேலை நாளில் அவர் மனைவி ஆபீஸ் விட்டு வந்து அரை மணியில் செய்வதாம். உருளைக்கிழங்கை மசித்து, மைதா சேர்த்து, கட்டைவிரல் நுனி அளவுக்கு உருண்டை. கொதிக்கிற கோழிச் சாற்றில் போட்டால் முங்கும். கொஞ்சம் பொறுத்தால் தானே மேலே வரும். வந்ததும் ஒரு கைப்பிடி கீரை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி. இறக்கிவிட வேண்டியது. சொல்லும்போது துரையின் கண் ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. அந்த அறைக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கே இருந்தது.

இதென்ன பிரமாதம் என்று இறங்கினேன். கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, தண்ணீரில் வேகவைத்தேன். குடவாசல் கடையில் மைதா இல்லை. சுவரொட்டிப் பசைக்கென்று கட்சிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நெல் விளைகிற ஊரில் மாவுக்கா பஞ்சம்? பச்சரிசி மாவைப் போட்டுப் பிசைந்தேன். உருண்டை முங்கியது. மேலே வரவில்லை. கரண்டியை விட்டுத் துழாவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. ஓவர்சியர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "என்னய்யா ரெங்கசாமி, துரைக்குக் காய்ச்சலா? கஞ்சி வெச்சிருக்கே?"

எந்தச் சாமி

கரையக் கூடாது, அவ்வளவுதானே. மறுநாள் மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறி, கிழங்கைச் சேர்த்து, பிடித்து, இட்லிப் பானையில் ஆவியில் வைத்து எடுத்தேன். இந்த ஊரில் பிறந்தவன் கையில் மாவைக் கொடுத்தால் அவன் கை தானாக ஆவியைத் தேடும். பிறகு சூப்பில் போட்டேன். ஒன்றும் கரையவில்லை. ஒன்றும் மேலேயும் வரவில்லை. குளத்தடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தன.

துரை ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வாரம்தான் பிள்ளையார் கோயிலில் கொழுக்கட்டை வாங்கித் தின்றிருந்தார். கடித்தார். நல்ல மனிதர், துப்பவில்லை. ஓவர்சியரிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். ஓவர்சியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா இருக்காம். இன்னிக்கு எந்தச் சாமிக்குன்னு கேக்கறாரு."

சுவரொட்டிக்காரன்

மைதா இல்லாமல் நடக்காது என்று தெரிந்துவிட்டது. கடைத்தெருச் சுவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். காலையில் ஒரு கட்சிக்கு ஒட்டுவான். மத்தியானம் அதன்மேலேயே எதிர்க்கட்சிக்கு ஒட்டுவான். பசை ஒன்றுதான்.

விஷயத்தைச் சொன்னேன். துரை தின்னவா என்று இரண்டு தடவை கேட்டான். மாடு வந்து சுவரொட்டியை நக்கித் தின்னாமல் இருக்க அவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். விஷம். நான் சாக்கைச் சந்தேகமாகப் பார்த்ததைக் கவனித்துவிட்டான். ஒரு படி மைதாவை அள்ளிப் பையில் கொட்டிக்கொண்டே சொன்னான்: "துத்தம் இன்னும் கலக்கலண்ணே. மாடே திங்கும், துரை திங்க மாட்டாரா?"

தண்ணீரைப் பார்த்தல்

தின்னவில்லை. தண்ணீரில் வெந்த கிழங்கு ஈரம் கக்கியது. மைதாவைப் போடப் போடக் குடித்தது. நான் விடவில்லை. பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி அடித்துப் பிசைந்தேன். உருண்டை ரப்பர் ஆயிற்று. துரை ஒன்றை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை விழுந்தது.

அதன்பிறகு அவர் சாப்பிட உட்காருவதே இல்லை. வேலை முடிந்ததும் மதகின் மேல் போய் நிற்பார். தை மாதம். பனி அப்போதே இறங்க ஆரம்பித்திருக்கும். அறுக்க ஆளில்லாமல் சம்பாக் கதிர் முற்றித் தலை தொங்கிக் கிடந்தது. கூலி ஏற்றினால்தான் அரிவாள் எடுப்போம் என்று அவர்கள், ஏற்றமாட்டோம் என்று இவர்கள். ஆளரவம் இல்லாத மஞ்சள் வயலுக்கு மேல் வெள்ளையாகப் பனி படுத்திருக்கும். மதகுப் பலகைக்குக் கீழே தண்ணீர் முங்கி, சுழித்து, நுரையாக மேலே வரும். துரை அதையே பார்ப்பார். மேலே வருகிறது பார் என்று எனக்குக் கையால் காட்டுவார். நானும் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து, மத்தியானம் கண் அயர்ந்தால் கனவில் உருண்டைகள் வரிசையாக வாய்க்காலில் மிதந்து போக ஆரம்பித்தன. வாத்து மாதிரி. மதகு மதகாகத் தாண்டி, கடலுக்கு. ஒன்றும் என் கைக்கு அகப்படவில்லை.

மதகு திறக்கிற லஸ்கர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு பீடியை எறிந்தார். "தண்ணியப் பாத்தே பசி அடங்கிடுமாங்க இவருக்கு? அடங்கும்னா ஊருக்கே சொல்லுங்க, இந்தக் கூலித் தகராறே வேணாம்."

உமி

பெரிய இன்ஜினியரிடமிருந்து தாக்கல் வந்தது. திங்கட்கிழமை பங்களாவில் பேச்சுவார்த்தை. தாசில்தார் வருகிறார், இரண்டு மிராசுதார்கள் வருகிறார்கள், கூலிக்காரர் சங்கத்தில் நான்கு பேர் வருகிறார்கள். பெரிய இன்ஜினியரும் வருகிறார். துரையை நேரில் பார்ப்பாராம். என் வேலை நிலைக்குமா என்று அன்றோடு தெரிந்துவிடும்.

கூடத்தில் பேச்சு மத்தியானம் ஆரம்பித்தது. வெயில் சாய்ந்தும் முடியவில்லை. நான் பின்கட்டில் மறுபடியும் கிழங்கை நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். வேறு வழி தெரியவில்லை. சங்கத்து நான்கு பேரில் ஒருத்தி பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் கட்டிப்போய்த் தண்ணீர் கேட்டு வந்தாள். சேரி ஆட்களுக்கு நாங்கள் கையில்தான் ஊற்றுவது. அவள் கையை நீட்டவில்லை. "டம்ளர்ல குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு கணம் பிடித்தது. அந்தக் கணத்தை அவள் பார்த்தாள். குடித்தாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, கிழங்கைக் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க?"

எரிச்சலில் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, கூழாங்கல், ரப்பர், என் வேலை, எல்லாம். கேட்டுவிட்டு வெந்நீர் அடுப்பின் பக்கம் போனாள். அதில் உமிக் கங்கு கனிந்துகொண்டிருந்தது. முழுக் கிழங்காக, தோலோடு, எட்டுப் பத்தை எடுத்துப் புதைத்தாள். வயலில் கிழங்கு சுட்டுத் தின்கிறவர்களுக்கு அது ஒரு யோசனையே இல்லை. "தண்ணியில போட்டா தண்ணியத்தான் குடிக்கும். இதுல போட்டா தன் தண்ணியையும் விட்டுடும்." உள்ளே யாரோ கத்தினார்கள். பேச்சைத் தொடர அவளைக் கூப்பிட்டார்கள். போகும்போது திரும்பிச் சொன்னாள்: "நான் அவங்களை வேக வெச்சிட்டு வரேன். நீங்க இதைப் பாத்துக்குங்க."

முறம்

வெளியே கருக்கல் கட்டும்போது வந்தாள். தாசில்தார் வெற்றிலை போட எழுந்திருந்தார். கிழங்கை உடைத்தோம். மாவாக உதிர்ந்தது. முறத்தில் பரப்பி ஆவியைப் போகவிட்டாள். மைதாவை நான் கொட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சமாகத் தூவி, கூட்டி, ஒன்றாக ஒதுக்கினாள். நான் பிசைய வந்தேன். "அடிக்காதீங்க. அது உங்களை என்ன பண்ணிச்சு?"

உருண்டைக்கு மேல் வரி விழ வேண்டும், சாறு பிடிக்க, முள்கரண்டி முதுகில் உருட்ட வேண்டும் என்று துரை காட்டியிருந்தார். பங்களாவில் இருந்த முள்கரண்டி இரண்டும் மேசைக்குப் போயிருந்தன. அவள் மாவைத் தட்டுக்கு மாற்றிவிட்டு முறத்தைக் கவிழ்த்தாள். அதன் மூங்கில் பிளாச்சு முதுகில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. வரி விழுந்தது. இருவரும் எதிர் எதிராகக் குந்தி இழுத்துக்கொண்டே இருந்தோம். கூடத்தில் சத்தம், வெளியே தவளை, நடுவில் முறத்தில் விரல் சரசரக்கும் ஓசை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. அரை மணிதான் இருக்கும்.

சாற்றில் போட்டேன். முங்கின. குனிந்து பார்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. கீழே எங்கோ ஒன்று அசைந்தது. மேலே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு எல்லாம், மழைக்குப் பிறகு குளத்தில் மீன் வாய் திறக்கிற மாதிரி, மேலே மேலே வந்துகொண்டே இருந்தன. கீரையைப் போட மறந்து நின்றேன். அவள்தான் அள்ளிப் போட்டாள்.

துரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஊரில் இதை வியாழக்கிழமைதோறும் செய்வார்களாம். ஓவர்சியர் பயந்துபோய் என்ன என்று கேட்டார். துரை சொன்னதை மொழிபெயர்க்கும்போது அவர் குரலும் இறங்கிவிட்டது. "இந்த ஊருக்கு வந்து இன்னிக்குத்தான் தனக்கு வியாழக்கிழமை வந்ததாம்."

கைப்பக்குவம்

பேச்சு இழுத்ததால் எல்லோருக்கும் அதையே கொடுக்கச் சொல்லிவிட்டார் தாசில்தார். மிராசுதார்கள் நாற்காலியில், சங்கத்துக்காரர்கள் பெஞ்சியில். ஒரே பானை. சூப்பால் உடன்பாடு வந்தது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. வாய் சூடாக இருந்தால் கொஞ்ச நேரம் கத்த முடியாது, அவ்வளவுதான். கூலி கொஞ்சம் ஏறியது. கேட்டது முழுக்க இல்லை. கைநாட்டு வைக்க மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்கள். பேனா கேட்டு வாங்கிப் பெயரை எழுதினாள்.

துரை மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார். பெரிய மிராசுதார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "யாரு கைப்பக்குவம்யா இது?" என்றார். பெரிய இன்ஜினியர் என்னைப் பார்த்தார். கூடமே பார்த்தது. அவள் கை பட்டது என்று சொன்னால் மிராசுதார் கிண்ணத்தை எறிவார். மையே காயாத காகிதமும் பறக்கலாம். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிற நியாயம். அப்போது நான் நினைத்தது ஒன்றே ஒன்று. ஆறு வருஷம். "நான்தானுங்க" என்றேன்.

அவள் எதிரே பெஞ்சியில் இருந்தாள். எழுந்து, மற்றவர்கள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போக, தன்னுடையதை மட்டும் பின்கட்டுக்கு எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். கோபம் இல்லை முகத்தில். இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "உப்பு நீங்க போட்டதுதானே."

அடுத்த மாதமே உத்தரவு வந்து, நிரந்தரமாகி, ரிட்டயரும் ஆகி, இன்றைக்கும் பென்ஷனில் சூப் குடிக்கிற நான், அன்று கூடத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தையை இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்கிறேன்: அஞ்சலை.