தர்மபுரி வேகம்

டேப்ரிக்கார்டர் ரிப்பேர் தொழிலில் முக்கியமான ஆயுதம் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். மோட்டாரின் முதுகில் இருக்கும் துளைக்குள் அதை விட்டு இம்மி திருகினால் வேகம் மாறி, பாடுகிறவரின் வயதே மாறிவிடும்.

எண்பதுகளில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்தேன். கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பதும் நான், செட்டு கெட்டால் பார்ப்பதும் நான். ரிப்பேருக்கு வரும் செட்டில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அதையே என் கடை டெக்கிலும் ஓடவிட்டு, இரண்டும் ஒன்றுபோலப் பாடும்வரை திருகுவேன். என் டெக்கின் மோட்டாரை ஒருமுறை மாற்றியபோது காதால் கேட்டு வேகம் வைத்தேன். அதையும் எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதே வேலை பார்த்தவர்கள் இதற்குள் என் தப்பைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

தொப்பூர் தாண்டினால்

லாரி டிரைவர் பெருமாள் என்னிடம் பதிந்த கேசட் நான் வேகம் வைத்த லாரி செட்டில் நன்றாக ஓடுகிறது, சேலத்தில் மச்சான் வீட்டுச் செட்டில் போட்டால் இழுக்கிறது என்றார். புதுக் கேசட்டில் மறுபடி பதிந்து கொடுத்தேன். மறுபடி வந்தார். இன்னொரு கேசட். அதற்கும் வந்தார்.

சேலத்தில் கரண்டு குறைவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பதுபோல எதையோ கழற்றத் தொடங்கினேன். அவர் நகரவில்லை.

"அங்க ஃபேன் நல்லாத்தாங்க சுத்துது. உங்க பாட்டு மட்டும் தொப்பூர் கணவாய் எறங்கினதும் தூங்கி வழியுதுங்க."

இரண்டு பக்கமும் கவலை

ஜமீலா அக்காவின் கணவர் சவுதியில் தையல் வேலை பார்த்தார். எழுதுவதைவிடப் பேசுவது சுலபம் என்று அவர் கேசட்டில் பேசி அனுப்புவார். அக்கா வீட்டுச் செட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, அதே செட்டில் பதில் பேசிப் பதிந்து அனுப்புவார். அந்தச் செட்டுக்கு மோட்டார் போட்டு வேகம் வைத்தவன் நான்.

முதலில் ஒரு சின்னப் புகாரோடு வந்தார். "எப்பவும் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கற மாதிரியே பேசறாரு தம்பி. குரலும் கீச்சுன்னு இருக்குது." டேப் உரசும் ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஒரு கடிதத்தோடு வந்தார். உன் குரல் கனத்து இழுக்கிறது, ஏதோ நோயை மறைக்கிறாய், மாசக் கடைசியில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்று கணவர் எழுதியிருந்தார். இங்கே அவர்கள் கட்டும் வீடு ஜன்னல் உயரத்தில் நின்றது. அவர் இருந்த இடத்தில் போன் கிடையாது. தந்தி கொடுக்கலாமே என்றேன். தந்தி என்றாலே சாவு என்று அப்போதே கிளம்பிவிடுவார் என்றார்.

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கேன்னு நான் சொன்னாலும், சொல்ற குரலே சாகப்போறவ குரலாட்டம் இருக்குதாம்."

வெளியே ஒரு கடிகாரம்

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் இருந்தால் வெளியே போகத் தோன்றும்; வெளியே போனால் டீக்கடைகளில் ஓடும் என் கேசட்டுகளைக் கேட்டுத் திரும்பி வருவேன்.

அப்போதுதான் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த என்ஜினியர் ஒருவர் ஒரு சி.டி. பிளேயரோடு வந்தார். சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்ததாம். தர்மபுரியில் நான் பார்த்த முதல் சி.டி. அதுதான். அவரிடம் ஒரு படத்தின் பாட்டுகள் சி.டி.யிலும் கம்பெனி கேசட்டிலும் இருந்தன. நான் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த அவர் செட்டில் ஓடும் கேசட்டைவிட சி.டி. மெதுவாகப் பாடுகிறது என்பது புகார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றையும் நீட்டினார். இந்த மெஷினுக்குள் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு கடிகாரம் உண்டு, அதைவிட நல்லதாக ஒன்றைத் தனிப் பெட்டியில் வெளியே வைத்தால் ஒலி மேம்படும் என்று அதில் போட்டிருந்ததாம். "உள்ள இருக்கிறது சோம்பேறிக் கடிகாரம். நீ வெளியே ஒண்ணு செஞ்சு குடு" என்றார்.

அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. முகப்பில் நிமிடமும் நொடியும் எண்ணாக ஓடின. அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நொடி பிசகாமல் சேர்ந்தே ஓடின. பாட்டு நான்கு நிமிடம் முப்பத்திரண்டு நொடியில் முடிந்தது. அதே பாட்டைக் கேசட்டில் வைத்து என் டெக்கில் ஓட்டினேன். நான்கு நிமிடம் பத்தொன்பது நொடியில் முடிந்துவிட்டது. இன்னொரு முறை ஓட்டினேன். அதே பத்தொன்பது.

என் டெக் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் திருகிய செட்டுகள் எல்லாமும் அப்படித்தான். வேகமாக ஓடும் டெக்கில் பதிந்ததை அதே வேகத்தில் ஓடும் செட்டில் போட்டால் சரியாகவே கேட்கும். அதனால் ஊருக்குள் யாருக்கும் தெரியவில்லை. ஊரைத் தாண்டிப் போன கேசட்டுகள் இழுத்தன. வெளியூரிலிருந்து வந்தவை பறந்தன. இதை நான் சொல்லி முடிக்கும்வரை என்ஜினியர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப வெளியே ஒரு கடிகாரம் வேணுங்கறது சரிதான்யா. சி.டி.க்கு இல்ல, உனக்கு."

அவர்தான்

அன்று பகலிலேயே ஒரு கைக்கடிகாரத்தையும் அந்தக் கம்பெனி கேசட்டையும் கடன் வாங்கிக்கொண்டு ஜமீலா அக்கா வீட்டுக்குப் போனேன். பாட்டு நான்கு முப்பத்திரண்டில் முடியும்வரை திருகினேன். பிறகு சவுதிக் கேசட்டைப் போட்டேன். கனத்த குரலில் ஒரு மனிதர், அவசரமே இல்லாமல், சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா செட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அங்கேயே பதில் பேசிப் பதிந்தார். தபால் போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாகும். மாசக் கடைசிக்கு இருந்தது பதினைந்து நாள்.

வாசல்வரை வந்து சொன்னார்: "இவரு நிதானமாத்தான் பேசுவாருன்னு எனக்கே மறந்துபோச்சு தம்பி. இத்தன நாளா எவனோ ஒருத்தனுக்கில்ல பதில் பேசிட்டிருந்திருக்கேன்."

திருத்தம்

அந்தப் பதினைந்து நாளும் சும்மா இருக்க முடியாமல், நான் கெடுத்த செட்டுகளை ஒவ்வொன்றாக வரவழைத்துத் திருத்தத் தொடங்கினேன். திருத்திக் கொடுத்த மறுநாளே கடத்தூர் டீக்கடைக்காரர் செட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவரிடம் இருந்த அறுபது கேசட்டும் என் பழைய டெக்கில் பதிந்தவை. செட்டு சரியானதும் அறுபதும் இழுத்தன. கடிகாரத்தைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. முன்ன இருந்தபடி தப்பாவே வெச்சுக் குடுத்துருங்க."

லீவு

மாசக் கடைசி போயிற்று. சேலம் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு யார் இறங்கினாலும் அக்காவின் கணவராக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிவாக்கில் ஜமீலா அக்கா கேசட்டோடு கடைக்கு வந்தார். திருத்திய டெக்கில் போட்டேன். "உடம்பு தேறிருச்சு போல. பழையபடி அதட்டறே. சரி, வேலைய விடல. வூட்டு வேலைய நிறுத்த வேண்டாம்" என்றது அந்த நிதானமான குரல். எனக்கு அப்போதுதான் பசித்தது.

அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் கிளம்பவில்லை. கேசட்டை உறையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கணவர் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வேலைய விடற அளவுக்கு வேண்டாம் தம்பி. ஒரு மாசம் லீவு போட்டு வர்ற அளவுக்கு மட்டும், அங்க கேக்கறப்ப என் குரல் கொஞ்சம் இழுக்கற மாதிரி வெச்சுத் தர முடியுமா?"

வெளியே ஒரு கடிகாரம் வைத்தால் ஒலி திருந்துமா என்று இப்போதும் யாராவது கேட்டால், திருந்தும், ஆனால் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன் அந்த வீட்டில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.