கண்ணாடிக்குள் போன புவா

திருப்பரங்குன்றத்தில் சித்தப்பா வாங்கிய அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. சித்தி வாசலுக்கு வெளியே, நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். ஆறு வாசல்களில் ஐந்து சாத்தியே கிடக்கும். சித்தி வீட்டுக் கதவு மட்டும் பகலெல்லாம் திறந்திருக்கும். சித்தி இபான் இனத்துப் பெண். போர்னியோ தீவின் சரவாக்கில் வெல்டராக இருந்த சித்தப்பா அங்கேயே கல்யாணம் முடித்துக் கூட்டிவந்தார். சித்தி பிறந்த ஊரே ஒரே வீடுதான். ஆற்றோரம் ஒரு நீண்ட கூரை, இருபது குடும்பத்துக்கு இருபது கதவு, அத்தனைக்கும் முன்னால் ஓடும் ஒரே தாழ்வாரம். நெல் புடைப்பதும் வம்பளப்பதும் சாவுக்கு அழுவதும் அங்கேதான்.

"வழியில உக்காந்தா எப்படி நடக்குறது?" என்று சலித்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவே, ஆறு மாதத்தில் கீரைக்கட்டோடு பாய்க்கு வந்துவிட்டார். "இம்புட்டுக் கீரையா? வீட்ல மாடு வளக்குறியாத்தா?" என்பார் சித்தி, அசல் மதுரைக்காரி போல.

அவரிடம் ஒரு புவா இருந்தது. நூலில் முடிச்சிட்டுச் சாயமேற்றி அவர் அம்மா நெய்த துணி. காய்ந்த ரத்தத்தின் நிறம். பிள்ளை பிறந்தால் அதில் ஏந்துவார்களாம். இறந்தால் உடலைச் சுற்றித் திரையாகக் கட்டுவார்களாம். நான் துணி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த நேரம், கை சும்மா இருக்குமா? "பூச்சி அரிச்சிரும் சித்தி" என்று நச்சரித்து வாங்கிப்போய், சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்துச் சித்தி வீட்டுச் சுவரிலேயே மாட்டினேன். "அதுக்கு மூச்சு முட்டாதா தம்பி?" என்று சித்தி சிரித்தார். சட்டம் போட்ட கடைக்காரர் துணியை எப்படிப் பொருத்தினார் என்று நான் நின்று பார்க்கவில்லை.

போன ஆவணியில் சித்தப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். "மூணு மணிக்கு எடுத்துரணும்" என்று உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். சித்தி சுவரைக் காட்டி, "அத எறக்கு" என்றார். சட்டத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, துணி முழுவதும் பசை தடவிப் பலகையோடு ஒட்டியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். இழைகள் பிய்ந்து வந்தன. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விட்ரு தம்பி. எங்கம்மா கை அது."

எதிர்வீட்டு அக்கா போய் ஒரு சேலையோடு வந்தார். அப்புறம் வாசலுக்கு ஒன்றாகச் சேலைகள் வந்தன. சன்னல் கம்பியிலும் ஆணியிலும் முடிந்து சித்தப்பாவைச் சுற்றிக் கட்டினார்கள். சித்தி உள்ளே போய் அவரருகில் உட்கார்ந்துகொண்டார்.

காரியம் முடிந்ததும் பலகையைச் சித்தியிடம் நீட்டினேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"நீயே வச்சுக்க. எனக்கும் சேலை கட்டிக்கிருவாங்க" என்றார்.

இப்போது அது என் அறைச் சுவரில் இருக்கிறது. வருகிற நண்பர்கள் சொல்கிறார்கள், "எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்க மாப்ள!"